குறுக்கு வலியும் ஐந்தே முக்கால் மணி வேனும்

"தம்பி, இதெல்லாம் எப்ப செய்ய?"

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு மருத்துவமனையில், இயன்முறை மருத்துவர் அறைக்கு வெளியே என் பக்கத்தில் நின்றிருந்த அம்மா கேட்டது இது. பெஞ்சு காலியாகத்தான் இருந்தது. இருவராலும் உட்கார முடியவில்லை. இருவர் கையிலும் ஒரே தாள். நாலாவது, ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே டிஸ்க் பிதுங்கியவர்களுக்குக் கொடுக்கும் பயிற்சித் தாள். தடித்த விரிப்பின் மேல், காலில் ஷூ போட்ட ஓர் உருவம் பத்து விதமாகப் படுத்திருந்தது. காலை 20 நிமிடம், மாலை 20 நிமிடம் என்று அடியில் அச்சடித்திருந்தார்கள்.

அவர் ஆலங்குளத்துக்குப் பக்கத்துக் கிராமம். சின்ன வயதிலிருந்து தீப்பெட்டி ஆபீஸ், பிறகு பட்டாசு. "அஞ்சே முக்காலுக்கு வேன் வந்துரும். அதுக்கு முன்ன தண்ணி புடிக்கணும், சோறு வடிக்கணும், வாசல் தெளிக்கணும். சாயந்தரம் வந்து விழுந்தா எந்திரிக்க முடியல. இதுல இந்தக் குட்டிக்கரணத்தையெல்லாம் எப்ப போட?"

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. என் முதுகை நான் ஓரளவு மீட்டுக்கொண்டேன். எனக்கு நாற்காலி வேலை, நினைத்தபோது எழுந்து நடக்கலாம். அந்த அம்மாவின் கேள்வி மட்டும் கூடவே இருந்தது. அவருக்குச் சொல்ல வேண்டியிருந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆலங்குளம் என்றதும் பலர் தென்காசிப் பக்கத்து ஊரை நினைப்பார்கள். நான் சொல்வது விருதுநகர் மாவட்டம், வெம்பக்கோட்டை வட்டாரத்து ஆலங்குளம். 1970இல் ஓடத் தொடங்கிய அரசு சிமென்ட் ஆலை இருக்கும் ஊர். கரிசல் காடு, மழையை நம்பிய விவசாயம், அது கைவிட்டால் பட்டாசும் தீப்பெட்டியும். இந்தப் பக்கத்து மனிதர்களின் முதுகு இரண்டு வழியில் கெடுகிறது. ஒன்று சுமை. சிமென்ட் மூட்டை 50 கிலோ. அமெரிக்காவின் தொழில்சார் சுகாதார ஆய்வு நிறுவனம், எல்லாச் சூழலும் சாதகமாக இருந்தாலும் ஒருவர் தூக்குவதற்கு 23 கிலோவே உச்சம் என்று வரையறுத்திருக்கிறது. பிரிட்டனில் சிமென்ட் 25 கிலோ பையில் விற்கிறது. நம் லோடுமேன்கள் அதன் இரு மடங்கைத் தலையிலும் தோளிலும் ஏற்றி லாரிக்கும் குடோனுக்கும் நடக்கிறார்கள்.

இன்னொன்று, யாரும் சுமை என்றே நினைக்காத குனிவு. கட்டையில் தீக்குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, பட்டாசுக்குக் குழாய் சுருட்டுவது, சரவெடி பின்னுவது எல்லாமே பெரும்பாலும் தரையில் உட்கார்ந்து, முதுகை வில்லாக வளைத்துச் செய்கிற வேலை. தூக்கும் எடை சில கிராம்தான். ஆனால் அந்த வளைவு எட்டு மணி நேரம், வருடக்கணக்கில். சுவீடன் நாட்டு அறுவை மருத்துவர் ஆல்ஃப் நாச்செம்சன் 1960களில் டிஸ்க்குக்குள்ளேயே ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்பதைவிட, முன்னால் குனிந்து உட்காரும்போது அழுத்தம் கூடுகிறது. தீக்குச்சி அடுக்கும் பெண்ணுக்கு ஏன் மூட்டை தூக்குகிறவரின் வியாதி வருகிறது என்பதற்கு இது ஒரு விளக்கம்.

இந்தப் பக்கம் இடுப்பு வலி என்று சொல்ல மாட்டோம். குறுக்கு வலி. 'குறுக்குப் பிடிச்சிருச்சு' என்பது தசைப்பிடிப்பு. 'காலுக்கு இறங்கிருச்சு' என்றால் நரம்பு அழுந்துகிறது. அனுபவத்தில் பிறந்த, துல்லியமான சொற்கள் இவை. ஆனால் 'ஜவ்வு விலகிருச்சு' என்ற ஒரு சொல் மட்டும் பெரிய கெடுதல் செய்கிறது. விலகியதை யாராவது தள்ளி உள்ளே வைக்க வேண்டும் என்று அது நினைக்க வைக்கிறது. சுளுக்கு எடுப்பவரிடம் போய்க் குப்புறப் படுத்து மிதி வாங்க வைக்கிறது. இனி அசையவே கூடாது என்று பயமுறுத்துகிறது.

டிஸ்க் எங்கும் விலகிப் போவதில்லை. மேலும் கீழும் எலும்போடு இறுக ஒட்டியிருக்கிறது. பனை நுங்கை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் நீர் செறிந்த சதை, சுற்றிலும் நாரால் ஆன கூடு. டிஸ்க்கும் அப்படித்தான். நாரில் விரிசல் விழுந்தால் நடுச்சதை அந்தப் பக்கம் பிதுங்கும், சில சமயம் வெளியே கசியும். அருகில் நரம்பு இருந்தால் அது அழுந்தி வீங்கும், வலி பிட்டத்திலிருந்து கெண்டைக்கால் வரை மின்சாரம்போல ஓடும். கசிந்த சதையை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுவது அடிக்கடி நடப்பதுதான். கால் வலியோடு வருகிறவர்களில் பெரும்பாலானோர் ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் அறுவை இல்லாமலே தேறுகிறார்கள்.

இதில் தமிழ்நாட்டின் பங்கு பெரிது. கோவை கங்கா மருத்துவமனையின் முதுகெலும்பு அறுவை மருத்துவர் எஸ்.ராஜசேகரனும் அவர் குழுவும், மனித டிஸ்க்குக்குள் சத்து எப்படிப் போகிறது என்பதை எம்.ஆர்.ஐ. படங்களை அடுத்தடுத்து எடுத்துப் பின்தொடர்ந்தார்கள். இடுப்பு முதுகெலும்பு ஆய்வுக்கான பன்னாட்டு அமைப்பின் பரிசு 2004இல் அதற்குக் கிடைத்தது. வளர்ந்த மனிதரின் டிஸ்க்குக்குள் ரத்தக் குழாய் கிடையாது. மேலும் கீழும் இருக்கும் குருத்தெலும்புத் தகட்டின் வழியாகச் சத்து ஊறித்தான் உள்ளே போக வேண்டும். அதே குழு 181 பேரை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு, டிஸ்க் பிதுங்குவதில் பெரும்பாலும் முதலில் விட்டுக்கொடுப்பது நார்க்கூடு இல்லை, எலும்போடு சேரும் அந்தத் தகட்டின் விளிம்புதான் என்று காட்டியது. ஒரே வளைவில் மணிக்கணக்கில் அமுக்கப்பட்டுக் கிடப்பது டிஸ்க்குக்கு நல்லதில்லை. அழுத்தம் ஏறி இறங்க வேண்டும். மெல்லிய அசைவுதான் அதற்கு வழி. 'படுத்தே கிட' என்ற பழைய அறிவுரையை மருத்துவ உலகம் கைவிட்டு நெடுங்காலம் ஆகிறது.

ஸ்கேன் காகிதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1994இல் அமெரிக்காவில் முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 52 சதவீதம் பேருக்கு ஓரிடத்திலாவது டிஸ்க் உப்பியிருந்தது. 27 சதவீதம் பேருக்குப் பிதுங்கியே இருந்தது. எனவே காகிதத்தில் 'பல்ஜ்' என்று பார்த்ததும் வாழ்க்கை முடிந்துவிட்டதாக ஒடுங்க வேண்டியதில்லை. மருத்துவர் காலைத் தூக்கிப் பார்த்து, பெருவிரலின் பலத்தைச் சோதித்துச் சொல்வதும் அந்தக் காகிதமும் ஒத்துப்போகிறதா என்பதே கேள்வி.

இனி அந்த அம்மாவின் நாளுக்கு வருகிறேன். பயிற்சியைச் சேர்ப்பதற்கு முன்னால் காலையிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும்.

இரவு படுத்திருக்கும்போது டிஸ்க் நீரை உறிஞ்சி ஊதிக்கொள்கிறது. காலையில் எழும்போது நாம் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் உயரமாக இருக்கிறோம். ஊதிய டிஸ்க் குனிவைத் தாங்காது. எழுந்த முதல் ஒன்றிரண்டு மணி நேரம் குனிவதைத் தவிர்த்தாலே நாள்பட்ட குறுக்கு வலி கணிசமாகக் குறைந்ததை 1998இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. நம் பெண்கள் எழுந்ததும் செய்வது என்ன? கட்டை விளக்குமாறால் வாசல் பெருக்குகிறார்கள். குனிந்து தண்ணீர் தெளிக்கிறார்கள், கால்களை விறைத்துக்கொண்டு கோலம் போடுகிறார்கள். அடிகுழாயில் நிறைந்த 15 லிட்டர் குடத்தைக் குனிந்து எடுத்து ஒரு பக்க இடுப்பில் ஏற்றுகிறார்கள். நாளின் மிக மோசமான ஒரு மணி நேரத்தில் முதுகுக்கு மிக மோசமான நாலு வேலை.

விளக்குமாறுக்கு ஒரு நீளக் கம்பைக் கட்டினால் குனிவு போயிற்று. கோலத்தை ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றிப் போடலாம், அல்லது குறுக்கு தேறும்வரை பிள்ளைகள் போடட்டும். ஆண் பிள்ளை போட்டாலும் வாசல் ஒன்றும் சொல்லாது. குடத்தை முக்கால் அளவோடு நிறுத்தி, முழங்காலை மடக்கி, உடம்போடு ஒட்டி எடுக்க வேண்டும். முடிந்தால் வீட்டு ஆண்கள் எடுக்க வேண்டும். இதை நான் பயிற்சியின் முதல் பாடமாகவே சொல்வேன்.

அடுத்தது பயிற்சி. ஒருமுறையாவது மருத்துவரோ இயன்முறை மருத்துவரோ பார்த்த பிறகுதான் தொடங்க வேண்டும். கடும் வலி உள்ள நாட்களில் தரையில் பாய் விரித்து மல்லாந்து படுத்து, கெண்டைக்கால் இரண்டையும் ஒரு முக்காலி மேலோ மடித்த தலையணைகள் மேலோ தூக்கி வைத்துப் பத்து நிமிடம் கிடந்தால் போதும். வயிறு ஏறி இறங்க மூச்சு விட வேண்டும். அப்படியே, முழங்கால்களை மடக்கி, குறுக்குக்கும் பாய்க்கும் நடுவே இருக்கும் இடைவெளியை மெல்ல அமுக்கி ஐந்து எண்ணும்வரை வைத்து விட வேண்டும். பத்து தடவை. பார்க்க ஒன்றுமே செய்யாததுபோல இருக்கும். பிடித்துக் கிடந்த தசை அதில்தான் முதலில் இளகும்.

குனிந்தே வேலை செய்கிறவர்களுக்கு அடுத்த பயிற்சிதான் உயிர். நியூசிலாந்தின் இயன்முறை மருத்துவர் ராபின் மெக்கென்சி 1956இல் தற்செயலாகக் கண்டது. கால் வலியோடு வந்த ஒருவரைக் குப்புறப் படுக்கச் சொல்லியிருந்தார். முந்தைய நோயாளிக்காகத் தலைப்பக்கம் உயர்த்தி வைத்த கட்டிலை யாரும் இறக்கவில்லை. அவர் முதுகு பின்னால் வளைந்தபடியே சில நிமிடங்கள் படுத்துக் கிடந்து, கால் வலி போய்விட்டது என்று எழுந்தார். அதிலிருந்து ஒரு முறையே வளர்ந்தது. முதலில் சும்மா குப்புறப் படுக்க வேண்டும், இரண்டு மூன்று நிமிடம். வலி கூடவில்லை என்றால் முழங்கையை ஊன்றி, பிள்ளைகள் பாயில் படுத்துப் புத்தகம் படிப்பதுபோல மார்பைத் தூக்க வேண்டும், இரண்டு நிமிடம். சில நாட்கள் கழித்து உள்ளங்கையை ஊன்றி, இடுப்பைப் பாயிலேயே தளரவிட்டு, மேலுடம்பை மட்டும் கைபலத்தில் உயர்த்தி இறக்கலாம், எட்டுப் பத்து தடவை.

இதில் ஒரு விதி உண்டு, மறக்கவே கூடாதது. செய்யும்போது கால் வலி மேலேறிக் குறுக்கில் வந்து நின்றால் நல்லது, குறுக்கு கொஞ்சம் கூடுதலாக வலித்தாலும் சரி. வலி குறுக்கைவிட்டுக் காலுக்கு இறங்கினால், மரத்துப்போனால், அந்தக் கணமே நிறுத்த வேண்டும். அறுபதைக் கடந்தவர்களுக்கு, நடந்தால் கால் கடுத்து, குனிந்து உட்கார்ந்தால் நிம்மதி என்று இருந்தால், அது பெரும்பாலும் நரம்புக் குழாய் சுருங்கியதன் அடையாளம். அவர்களுக்குப் பின்னால் வளைவது ஆகாது. ஒருத்திக்கு நல்லது செய்ததைப் பக்கத்து வீட்டுக்காரி அப்படியே செய்யக் கூடாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

வலி பாதியாகக் குறைந்த பிறகு பலம் சேர்க்க வேண்டும். மல்லாந்து முழங்காலை மடக்கி, பிட்டத்தை ஒரு சாண் தூக்கி இறக்குவது ஒன்று. குழந்தை தவழும் நிலையில் நின்று, வலக்கையையும் இடக்காலையும் நீட்டி ஐந்து எண்ணி, பிறகு மாற்றிச் செய்வது இன்னொன்று. முதுகின் மேல் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்தால் சிந்தாத அளவுக்கு அசையாமல் இருக்க வேண்டும். பிறகு நடை. மேடு பள்ளம் இல்லாத தரையில் ஐந்து நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டிக்கொண்டு போகலாம். 2024இல் ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் செய்த ஆய்வில், நடைப் பயிற்சி பெற்றவர்களுக்குக் குறுக்கு வலி திரும்பி வர இடைநிலைக் கணக்கில் 208 நாட்கள் ஆயின. பெறாதவர்களுக்கு 112 நாட்கள். காசு செலவில்லாத மருந்து இது.

காலைத் தொடக் குனிவது, மல்லாந்து இரண்டு காலையும் விறைப்பாகத் தூக்குவது, இடுப்பை முறுக்குவது, இவை மூன்றும் டிஸ்க் பிதுங்கியவருக்கு வேண்டாம். 'வலிக்க வலிக்கச் செய்தால்தான் பலன்' என்று யாராவது சொன்னால் அவரைக் கேட்காதீர்கள்.

மூத்திரம் வராமல் நின்றுபோவது அல்லது தெரியாமல் போவது, தொடையிடுக்கும் மலவாய்ப் பகுதியும் மரத்துப்போவது, இரண்டு கால்களும் வலுவிழப்பது, இவற்றில் ஒன்று வந்தால் அன்று இரவே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். மணிக்கணக்கு தாமதம்கூட வாழ்நாள் முழுக்க வருத்தும். பாதம் தொங்கிச் செருப்பு நழுவினாலும் நாள் கடத்தக் கூடாது. சாயங்காலக் காய்ச்சலும் எடை குறைவும் இரவில் தூங்கவிடாத முதுகு வலியும் சேர்ந்தால் அது முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். நம் ஊரில் அது அரிதில்லை. கூச்சத்தால் மூத்திர விஷயத்தைச் சொல்லாமல் மறைக்கும் பெண்களை நினைத்தால் எனக்குப் பதறுகிறது. மகளிடமாவது சொல்லுங்கள்.

சம்பள நாளில் மெடிக்கலில் போய் 'குறுக்குக்கு மூணு வேளைக்குக் குடுங்க' என்று வாங்கும் வண்ண வண்ண மாத்திரைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வருடக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண், சிறுநீரகத்தில் சேதம். இடுப்பு பெல்ட்டை நாள் முழுக்க இறுக்கிக் கட்டுவதும் தீர்வில்லை. நாள்பட்ட கீழ்முதுகு வலி பற்றி உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், பெல்ட்டையும் இழுவைச் சிகிச்சையையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது. அது பரிந்துரைப்பதில் முதன்மையானவை நோயைப் புரியவைப்பதும் பயிற்சியும்தான்.

ஆனால் வீட்டில் பத்து நிமிடம் நிமிர்த்திய முதுகை ஆபீஸில் எட்டு மணி நேரம் வளைத்தால் என்ன மிஞ்சும்? பயிற்சித் தாள் இதைப் பேசவே இல்லை. பழியையும் பொறுப்பையும் மொத்தமாக அந்த அம்மாவின் தலையில் வைக்கிறது.

வேலை செய்யும் இடத்தில் மாற்ற முடிந்தவை சின்னவைதான். சப்பணமிட்டு உட்காருகிறவரின் பிட்டத்துக்கு அடியில் நாலு விரல் உயர மரமணையைப் போட்டால் இடுப்பெலும்பு முன்சாய்ந்து, முதுகு தானாகவே பாதி நிமிர்கிறது. மடியில் வைத்துச் செய்வதைச் சாய்வுப் பலகையின் மேல் வைத்தால் கழுத்தும் நிமிர்கிறது. பட்டாசு மருந்து அறைகளில் மட்டும் கவனம் வேண்டும். அங்கே இரும்பும் உராய்வும் ஆகாது, ஓடிவர வேண்டிய வாசலில் எதுவும் தடுக்கக் கூடாது. சிவகாசியில் அலுவலகம் வைத்திருக்கும் வெடிபொருள் பாதுகாப்புத் துறையே எது பொருந்தும் என்று வகுத்துக் கொடுக்கலாம். குழாய் சுருட்டும் இடத்திலும் தீப்பெட்டி ஆபீஸிலும் நாளைக்கே மணை போடலாம்.

அடுத்தது, எழுந்து நிற்பது. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து, இரு கைகளையும் குறுக்கில் ஊன்றி, மெல்லப் பின்னால் சாய்ந்து நிமிர்வது. ஐந்தாறு தடவை, அரை நிமிடம். அந்த அரை நிமிடத்துக்குத்தான் இங்கே விலை இருக்கிறது. கூலி எண்ணிக்கைக்கு. கட்டை குறைந்தால் காசு குறையும். தானாக எழுந்து நிற்கும் பெண்ணை போர்மேன் ஒரு பார்வை பார்ப்பார். அதனால் இதைத் தனி ஆளின் ஒழுக்கத்துக்கு விடக் கூடாது. முற்பகல் ஒன்று, பிற்பகல் ஒன்று என்று மூன்று நிமிடம் மணியடித்து எல்லோரையும் எழுப்ப வேண்டும், அதற்குக் கூலியைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஜப்பானில் 1928இல் வானொலியில் தொடங்கிய உடற்பயிற்சி இன்றும் ஆலைகளில் நடக்கிறது. 1920களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து சிவகாசியில் ஊன்றியவர்கள் மண் இது. மூன்று நிமிடத்தைக் கற்றுக்கொள்ள இங்கே முடியாதா?

சட்டமும் கண் திறக்க வேண்டும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் தொழிலால் வரும் நோய்கள் என்று 29 இருந்தன. ஈயம், பாதரசம், பாஸ்பரஸ், சிலிக்கா தூசு, இரைச்சல் என்று நீளும் அந்தப் பட்டியலில் முதுகு இல்லை. 2020ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதற்கு இடம் கிடைக்கவில்லை. ஜெர்மனியில் 1993 முதல், வருடக்கணக்கில் பாரம் தூக்கியதாலோ கடுமையாகக் குனிந்து வேலை செய்ததாலோ வரும் இடுப்பு டிஸ்க் நோய் தொழில்நோயாக ஏற்கப்பட்டு, இழப்பீட்டுக்கு உரியது. வெடி விபத்தில் போகும் உயிர்களை இந்தப் பகுதி எண்ணுகிறது, எண்ணத்தான் வேண்டும். நாற்பது வயதில் நிமிர முடியாமல் வேலையைவிட்டு நிற்கும் பெண்ணை எந்தப் பதிவேடும் எண்ணுவதில்லை. அவள் 'வீட்டோட இருக்கா', அவ்வளவுதான்.

அரசிடம் கருவி இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீடு தேடி வருகிறார்கள். பக்கவாதம் வந்தவர்களுக்கும் படுக்கையில் விழுந்தவர்களுக்கும் அது பெரிய கொடை. படுக்கையில் விழும் முன்பே குறுக்கு வலிக்காரரையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. பணியிடங்களுக்கே வந்து சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் பார்க்கும் ஏற்பாடும் வந்துவிட்டது. கூடவே ஓர் இயன்முறை மருத்துவரை அனுப்பி, உட்காரும் விதத்தைப் பார்க்கச் சொன்னால் போதும். 2022 ஜனவரியில் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியும் சிவகாசி இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் சேர்ந்து, ஷூ போட்ட உருவம் இல்லாத ஒரு தாளை அச்சடிக்கலாம். சேலை கட்டிய பெண் கோரைப்பாயில் குப்புறப் படுத்திருக்கும் படத்தோடு, 'குறுக்கு' என்ற சொல்லோடு.

அந்த அம்மாவுக்கு இப்போது பதில் சொல்வதென்றால் இப்படிச் சொல்வேன். காலையில் எந்தப் பயிற்சியும் வேண்டாம்மா, குனியாமல் மட்டும் இருங்க. வேன் இறங்கி வந்ததும் உலையை வச்சுட்டு, அரிசி வேகுற நேரம் குப்புறப் படுங்க. படுக்கப் போகும் முன்ன ஒருமுறை. மொத்தம் கால் மணி நேரம். தீபாவளி முடிஞ்சு ஆலைகள் பூஜை போட்டுத் திறக்கும்வரை சில வாரம் வேலை இருக்காதே, கைச்செலவுக்குத் திண்டாடும் அந்த வாரங்களில்தான் முதுகுக்குக் கொஞ்சம் ஓய்வு. முகாம் போடுகிறவர்கள் அந்த வாரங்களில் ஆலங்குளத்துக்கு வரட்டும். வந்து தரையில் உட்கார்ந்து, எப்படிப் படுப்பது, எப்படி எழுந்திருப்பது என்று அவரோடு சேர்ந்து செய்து காட்டட்டும்.